முதல் .22 ரைஃபிள்: டப்பா சுடவும் ஆர்மடில்லோ தொல்லைக்கும் எது வாங்கலாம்?

ஆறு_ஏக்கர் (சனி, இரவு 10:12)

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஆஸ்டினுக்குக் கிழக்கே முக்கால் மணி நேர ஓட்டத்தில் போன வருடம் ஆறு ஏக்கர் வாங்கினோம். வீடும் தோட்டமும் போக மீதியெல்லாம் ஓக் மரமும் சப்பாத்திக் கள்ளியும்தான். கத்தரி, வெண்டை, நாலு முருங்கை வைத்திருக்கிறேன். ராத்திரியானால் ஆர்மடில்லோ (உடம்பில் ஓடு போர்த்திய பிராணி) ஒன்று வந்து பாத்தி முழுக்க மூக்கால் குடைந்துவிட்டுப் போகிறது. கோழிக் கூண்டைச் சுற்றி எலி. பின்பக்கம் பெக்கான் கொட்டை மரம் இரண்டு இருக்கிறது, அதில் ஒரு காய்கூட எனக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் அணிலுக்குத்தான்.

ஒரு .22, அதாவது சின்னத் தோட்டா போடுகிற ரைஃபிள், வாங்கலாம் என்று நினைக்கிறேன். தொல்லைக்கும் ஆகும், ஞாயிற்றுக்கிழமை பையனோடு கோக் டப்பாவை வைத்துச் சுடவும் ஆகும். அவனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு அனுபவம் என்று சொன்னால் கல்லூரியில் என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்துச் சுட்ட கொஞ்சம் ரவுண்டுகள்தான். அதில் பாதி பக்கத்து ஆளின் தாளில் போய் விழுந்தது.

ஸ்கோப்போடு (குறிபார்க்கிற தொலைநோக்கி) சேர்த்து 500 டாலருக்குள் வேண்டும். கடைக்காரர் 10/22 என்றார். அலுவலக நண்பர் ஒருவர் .17 எச்.எம்.ஆர். தோட்டா போடுகிறதை வாங்கச் சொல்கிறார். குழப்பமாக இருக்கிறது.

செமி_செல்வம் (சனி, இரவு 10:40)

இதில் குழம்ப என்ன இருக்கிறது? ரூகர் 10/22. 1964-லிருந்து செய்கிறார்கள், அறுபது வருடமாக அதே வடிவம். பத்து ரவுண்டு சுழல் மேகசின் (தோட்டா வைக்கிற கூடு) துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே துருத்தாது. எடை ஐந்து பவுண்டு சொச்சம். முன்னூறு, முன்னூற்றைம்பதுக்குக் கிடைக்கும். உதிரி பாகம் கிடைக்காது என்ற பேச்சுக்கே இடமில்லை. பேரல் (குழல்), ஸ்டாக் (பிடிக்கிற கட்டை), விசை எல்லாம் வீட்டிலேயே மாற்றலாம். என்னுடையதில் இப்போது ரூகர் செய்த பாகம் என்று பார்த்தால் ரிசீவர் என்ற நடுக்கூடு மட்டும்தான் பாக்கி. மனைவி கேட்டால் இது அதே பழைய துப்பாக்கிதான்.

கூர்நோக்கு (சனி, இரவு 11:05)

செல்வம் கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் மாற்றின பிறகுதான் அது நல்ல துப்பாக்கி ஆனதாம்!

முதல் ரைஃபிள் போல்ட் ஆக்‌ஷனாக இருக்கட்டும். ஒரு ரவுண்டு சுட்டதும் கையால் போல்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். அந்த இரண்டு நொடியில் போன குண்டு எங்கே பட்டது, ஏன் பட்டது என்று மனம் யோசிக்கும். செமி ஆட்டோவில், அதாவது 10/22 மாதிரி அடுத்த தோட்டா தானாக ஏறுகிறதில், பத்து ரவுண்டும் பத்து நொடியில் காலி, கற்றுக்கொள்வது பூஜ்யம். பன்னிரண்டு வயதுப் பையன் பக்கத்தில் நிற்கும்போது இது இன்னும் முக்கியம்.

பணம் இருந்தால் செக் நாட்டு சீ.ஜெட். 457. 2019-ல் வந்தது. போல்டை 60 டிகிரி தூக்கினால் போதும், ஸ்கோப்பில் விரல் இடிக்காது. விசையின் கனத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கிக்கே 500 தாண்டிவிடும். அது முடியாது என்றால் சேவேஜ் மார்க் 2. மரவேலையில் அழகு எதிர்பார்க்காதீர்கள், பார்க்க ஏதோ துடைப்பக்கட்டை மாதிரி இருக்கும். ஆனால் அக்யூட்ரிகர் என்ற அதன் விசையும் பேரலும் விலைக்கு மேலேயே வேலை செய்யும்.

செமி_செல்வம் (சனி, இரவு 11:11)

பத்து ரவுண்டைப் பத்து நொடியில் காலி செய்வது துப்பாக்கியின் குற்றமா, ஆளின் குற்றமா? மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டுப் பையனிடம் கொடுங்கள், அப்போது அதுவும் ஒற்றைச் சுடு துப்பாக்கிதான்.

கூர்நோக்கு (சனி, இரவு 11:14)

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் செய்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்களையும் சேர்த்து.

வரிசையில்_நிற்பவன் (ஞாயிறு, காலை 7:20)

ஆறு ஏக்கர், ஒரு கேள்வி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் குடிமகனா, கிரீன் கார்டா, இல்லை விசாவா?

ஆறு_ஏக்கர் (ஞாயிறு, காலை 8:02)

எச்-1பி வேலை விசா. ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதலாகி ஏழு வருடம் ஆகிறது. வரிசை நகர்ந்தால்தானே. ஏன் கேட்கிறீர்கள்?

வரிசையில்_நிற்பவன் (ஞாயிறு, காலை 8:31)

அப்படியென்றால் ரைஃபிள் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

குடியேறாத விசாவில் வந்தவர்கள், எச்-1பியும் அதில் சேர்த்தி, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பிரிவு 922(ஜி)(5). வாங்குவது மட்டும் அல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். 2022-க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 வருடச் சிறை. அதற்கு முன் 10 ஆக இருந்தது. தண்டனை ஒருபுறம் இருக்கட்டும், ஏழு வருடம் நின்ற வரிசையும் அதோடு போகும். ஐ-140 ஒப்புதல் கிரீன் கார்டு ஆகாது. அது வரிசையில் உங்கள் இடத்துக்கான சீட்டு, அவ்வளவுதான்.

ஆனால் அதே சட்டத்தில் விலக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை. எழுதும்போதே விசித்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் இதுதான். டெக்சாஸில் குடியிருப்பவர்களுக்கு உரிமக் கட்டணம் 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பாடம் முடித்திருக்க வேண்டும். 17 வயதோ அதற்கு மேலோ என்றால் முழுப் பாடத்தையும் இணையத்திலேயே முடிக்கலாம்.

ஆறு_ஏக்கர் (ஞாயிறு, காலை 8:50)

தலை சுற்றுகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் டீம் அவுட்டிங் என்று எல்லோரும் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனோம். வாடகைத் துப்பாக்கியில் நானும் சுட்டேன், போட்டோவும் எடுத்தேன்.

வரிசையில்_நிற்பவன் (ஞாயிறு, காலை 9:04)

வாடகைத் துப்பாக்கியும் கையில் வைத்திருந்ததாகத்தான் கணக்கு. நடந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். போட்டோவை எங்கே போட்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இனிமேல் உரிமம் இல்லாமல் தொடாதீர்கள். நண்பரின் பண்ணைக்குப் போய் 'ஒரே ஒரு ரவுண்டு' என்றாலும் வேண்டாம்.

டல்லாஸ்_அம்மணி (ஞாயிறு, காலை 10:15)

வரிசை அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகும். எப்போது வாங்கினாலும் சரி, ஜூலையில் வாங்கினாலும் அதே ஆகஸ்ட் 31-தான். புதிய வருட உரிமம் ஆகஸ்ட் 15 வாக்கிலிருந்து விற்பார்கள். குடிமக்களுக்கு உரிமம் போனால் வேட்டை மட்டும்தான் போகும். எச்-1பி ஆளுக்கு செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் இருக்கிற துப்பாக்கியே குற்றமாகிவிடும். எங்கள் வீட்டில் நான்கு வருடம் இப்படித்தான் ஓட்டினோம். குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரே காகிதம் அதுதான்.

துப்பாக்கி வாங்கும்போது நிரப்புகிற 4473 படிவத்தில் விசா பற்றிய கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். உரிமம், ஐ-94 எண் (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), டிரைவிங் லைசென்ஸ் மூன்றும் கொண்டுபோங்கள். கடையில் இருக்கிற பையனுக்கே இந்த விதி தெரியாமல் இருக்கலாம். எனக்குக் கிடைத்த ஆள் மேலாளரைக் கூப்பிட்டு, மேலாளர் இன்னொருவருக்கு போன் செய்து, நாற்பது நிமிடம் நின்றேன். கோபப்படாமல் நில்லுங்கள்.

பெக்கான்_தாத்தா (ஞாயிறு, மதியம் 1:30)

காகித வேலை எல்லாம் பேசியாயிற்று. இப்போது நிலத்தைப் பேசுவோம்.

தம்பி, ஆறு ஏக்கர் என்றால் பெரிதாகத் தோன்றும். சதுரமாக வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பக்கம் 170 கெஜம்தான். .22 எல்.ஆர்., அதாவது சாதாரண .22 தோட்டாவை, சற்று மேலே தூக்கிச் சுட்டால் ஒன்றரை மைல் போகும். பழைய தோட்டாப் பெட்டிகளில் எச்சரிக்கையாகவே அச்சடித்திருப்பார்கள். சின்னத் தோட்டாதானே என்கிற நினைப்பு இருக்கிறதே, அதுதான் ஆபத்து. டெக்சாஸில் குண்டு உங்கள் வேலியைத் தாண்டினாலே குற்றம், யார் மேலும் படவேண்டிய அவசியம் இல்லை. அதோடு, மனை பிரித்து விற்ற இடத்தில் உங்கள் மனை பத்து ஏக்கரோ அதற்குக் குறைவோ என்றால் கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) நிர்வாகமே சுடுவதைத் தடை செய்ய அதிகாரம் உண்டு. ஷெரீஃப் (கவுன்ட்டி காவல்) அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். கடைக்குப் போவதற்கு முன்னால்.

சரி, அனுமதி உண்டு என்று வைத்துக்கொள்வோம். மண்மேடு வேண்டும். நான் பன்னிரண்டு டிரக் மண் அடித்தேன், எட்டடி உயரம். மேல் மண்ணில் கல் இருக்கக்கூடாது. .22 ஈயத் தோட்டா கல்லிலும் தண்ணீரிலும் காய்ந்த கட்டாந்தரையிலும் பட்டால் தெறித்துப் போகிற மாதிரி வேறு எதுவும் போகாது. 'விய்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு மேட்டைப் போய்ப் பாருங்கள்.

ஆறு_ஏக்கர் (ஞாயிறு, மாலை 4:44)

தாத்தா, மிக்க நன்றி. நாளை போன் செய்கிறேன். அனுமதி இருந்தால் என்ன வாங்கலாம்? .17 எச்.எம்.ஆர். தேவையா?

பெக்கான்_தாத்தா (ஞாயிறு, மாலை 6:10)

உங்கள் நிலத்துக்கு அது எதற்கு? 2002-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த தோட்டா. குண்டின் எடை 17 கிரெய்ன்தான் (கிராமைவிடச் சின்ன அளவு), நொடிக்கு 2,550 அடி ஓடும். நூற்றைம்பது கெஜத்தில் புல்வெளி நாய் என்ற கொறிக்கும் பிராணியைச் சுடுகிறவர்களுக்கு அருமை. உங்களுக்கு 170 கெஜத்தோடு வேலியே முடிந்துவிடுகிறது. சத்தம் ஊரைக் கூட்டும். தோட்டா விலையும் .22-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். டப்பா சுடுவதற்கு அதை வாங்கினால் ஒரே மாதத்தில் மனைவி கணக்குக் கேட்பார்.

.22 எல்.ஆர். 1887-லிருந்து இருக்கிறது. இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் மலிவு. இன்றைக்கும் ஒரு ரவுண்டு பத்து காசுக்குள் கிடைக்கிறது. காசு என்றால் சென்ட். ஆனால் 2013-ல் ஒரு பெட்டி கிடைக்காமல் காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நின்றிருக்கிறேன், ரேஷன் கடை மாதிரி ஆளுக்கு ஒரு பெட்டி. 2020-லும் அதே கதை. கிடைக்கும்போது இரண்டாயிரம் ரவுண்டு வாங்கி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூர்நோக்கு (ஞாயிறு, இரவு 8:25)

தோட்டாவைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியைத் தோட்டாவில் காட்டினால் போதும்.

ஒலியின் வேகம் நொடிக்கு 1,125 அடி வாக்கில். அதைத் தாண்டி ஓடுகிற தோட்டா சுள்ளென்று வெடிக்கும், தாண்டாதது 'டப்'பென்று அடங்கும். சி.சி.ஐ. நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி 40 கிரெய்ன் 1,070 அடி. மினி மேக் 1,235 அடி. முதலாவது தாளில் துல்லியமாக விழும். இரண்டாவது செமி ஆட்டோவைத் திக்காமல் ஓட்டும். அதே நிறுவனத்தின் குவைட்-22 வெறும் 710 அடிதான். போல்ட் துப்பாக்கியில் சுட்டால் சுடும் ஊசியின் 'க்ளிக்' கூடக் கேட்கும். ஆனால் பெரும்பாலான செமி ஆட்டோக்களில் அது போல்டை முழுக்கத் தள்ளாது, கையால்தான் இழுக்க வேண்டும். தோட்டத்தில் சத்தம் குறைவாக வேண்டும் என்றால் போல்ட் வாங்க இதுவே ஒரு காரணம்.

ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு நாக்கு உண்டு. ஐந்து வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 கெஜத்தில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஒன்றில் ஐந்தும் நாணய அளவுக்குள் விழும், இன்னொன்றில் தட்டளவு சிதறும். விலை அதிகமானதுதான் நன்றாக விழும் என்பதும் இல்லை. சீரோவையும் (ஸ்கோப் குறியும் குண்டும் ஒன்றுசேர்கிற தூரம்) 50 கெஜத்திலேயே வையுங்கள். அப்படி வைத்தால் நூறு கெஜத்தில் ஆறேழு அங்குலம் இறங்கும். உங்கள் இடத்தில் அந்தத் தூரம் தேவைப்படப் போவதில்லை.

ஸ்கோப் வாங்கும்போது ரிம்ஃபயர் (.22 வகைத் தோட்டா) என்று போட்டதையே வாங்குங்கள், பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்கிற பிழை) 50 கெஜத்தில் வராதபடி வைத்திருப்பார்கள்.

செமி_செல்வம் (ஞாயிறு, இரவு 8:40)

பழைய மார்லின் 60 கிடைத்தால் அதையும் பாருங்கள் என்று சொல்ல வந்தேன். அடகுக் கடைகளில் நூற்றைம்பதுக்குப் பார்த்திருக்கிறேன். பேரலுக்குக் கீழே குழாய், அதில் பதினான்கு ரவுண்டு வரிசையாக நிற்கும்.

டல்லாஸ்_அம்மணி (ஞாயிறு, இரவு 9:02)

பையன் இருக்கிற வீட்டுக்குக் குழாய் மேகசின் வேண்டாம் தம்பி. கழற்றி வைக்க முடிகிற மேகசின் என்றால் காலியா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். குழாயில் ஒரு ரவுண்டு சிக்கி நின்றால் தெரியாது. நன்றாகப் பழகியவர்களுக்குச் சரி, முதல் துப்பாக்கிக்குச் சரியல்ல. கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற லீவர் துப்பாக்கி மேல் ஆசைப்பட்டு ஹென்றி வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அதன் குழாயில் பதினைந்து ரவுண்டு போகும். லீவரை இழுக்கிற சுகம் தனிதான், மறுக்கவில்லை.

பூட்டும் பெட்டிக்குப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குங்கள். டெக்சாஸ் சட்டத்தில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டுகிறபடி, சுடத் தயாரான துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்தால் பெற்றோர் மேல் வழக்கு. சட்டத்தை விடுங்கள், பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? எண் பூட்டு வையுங்கள், பிறந்த நாளை எண்ணாகப் போடாதீர்கள்.

கண்ணாடி, காதடைப்பான் இருவருக்கும் வேண்டும். .22 கூட 140 டெசிபெல் பக்கம் வரும். சுட்டு முடித்ததும் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்கக்கூடாது. எல்லாம் ஈயம்.

ஆறு_ஏக்கர் (திங்கள், மாலை 6:30)

ஷெரீஃப் அலுவலகத்தில் பேசினேன். என் இடம் மனைப் பிரிவில் வராதாம், கவுன்ட்டித் தடையும் இல்லையாம். 'குண்டு உன் இடத்திலேயே நிற்கட்டும்' என்றார் அந்த அம்மா.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு இடதுகைப் பழக்கம். என்.சி.சி.யில் வலது தோளில் வைத்துத்தான் சுடச் சொன்னார்கள். அதனால்தான் பக்கத்துத் தாளில் போனதோ என்னவோ.

கூர்நோக்கு (திங்கள், மாலை 6:52)

இதை முதல் பதிவிலேயே சொல்ல வேண்டாமா! முப்பது பதில் மிச்சமாகியிருக்கும்.

பீச்சாங்கைக்காரருக்கு 10/22 சுடத் தெரியாமல் போகாது, ஆனால் வெற்றுத் தோட்டா வலது பக்கம் தெறிக்கும். இடது தோளில் வைத்தால் அது முகத்துக்கு முன்னால் பறக்கும், சில சமயம் புகையும் தூளும் கண்ணாடியில் படும். வலதுகை போல்ட் என்றால் ஒவ்வொரு முறையும் கை குறுக்கே போகும். சேவேஜ் மார்க் 2-ல் இடதுகைப் போல்ட் வைத்த மாதிரியே உண்டு. விலையும் உங்கள் வரம்புக்குள். முடிந்தது கதை.

எந்தக் கண் ஓங்கிய கண் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான். இடது கண் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

செமி_செல்வம் (திங்கள், மாலை 7:03)

பீச்சாங்கை என்றதும் நான் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பையன் வலதுகை என்றால் அவனுக்கு ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் என்று ஒன்று இருக்கிறது. போல்ட்தான், ஆனால் 10/22 மேகசினையே போடலாம். பிற்பாடு... எதற்கும் சொல்லி வைக்கிறேன்.

ஆறு_ஏக்கர் (திங்கள், இரவு 9:15)

இடது கண்தான். பாட்டி இருந்திருந்தால் 'சோத்துக் கையை விட்டுட்டு' என்று திட்டியிருப்பார்.

இன்னொரு கேள்வி. இந்தத் துப்பாக்கியை வைத்து எதையெல்லாம் சுடலாம்? பின் வேலிப் பக்கம் காட்டுப்பன்றியும் வருகிறது.

பெக்கான்_தாத்தா (செவ்வாய், காலை 6:40)

பன்றியை .22-ஆல் தொடாதீர்கள். உடனே சாகாது, காயத்தோடு ஓடிப்போய் எங்காவது நாலு நாள் கிடந்து சாகும், அல்லது உங்கள் மேல் திரும்பும். தனியார் நிலத்தில் பன்றி சுட 2019-லிருந்து இங்கே உரிமமே தேவையில்லை, ஆனால் அதற்குத் துப்பாக்கி வேறு. கூண்டு வைக்கிற ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆர்மடில்லோவுக்கும் நான் முதலில் கூண்டுதான் சொல்வேன். அது ராத்திரி வரும். ராத்திரியில் குண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இரை எதுவும் வைக்க வேண்டாம், அதற்குக் கண் மந்தம், சுவரை ஒட்டியே நடக்கும். கூண்டின் வாயிலிருந்து இரண்டு பக்கமும் ஆறடிப் பலகையைக் கை விரித்த மாதிரி சாய்த்து வையுங்கள், தானாக உள்ளே போகும். காலையில் பார்த்து, கிட்டத்தில் நின்று, குண்டு மண்ணில் இறங்குகிறபடி ஒரே ரவுண்டில் முடிக்கலாம். அடுத்தவர் நிலத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், அது அவருடைய கத்தரிக்காயைக் குடையும். வெறும் கையால் தொடவும் கூடாது. தொழுநோய்க் கிருமி அதன் உடம்பில் இருக்கலாம்.

எலிக்கு .22 தோட்டா வேண்டவே வேண்டாம். கூண்டின் தகரத்தைத் துளைத்துக் கோழியையும் துளைக்கும். .22 பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடுகிற, காற்றால் சுடுகிற ஏர் ரைஃபிள் போதும். இன்னொரு லாபம், வெடிமருந்து இல்லாததால் கூட்டாட்சிச் சட்டம் ஏர் ரைஃபிளைத் துப்பாக்கியாகவே கணக்கெடுப்பதில்லை. உங்கள் விசாக் கவலை அதற்கு இல்லை. உண்மையில் இன்றைக்கே வாங்க முடிகிற பொருள் அதுதான்.

கூண்டுப் பக்கம் நீளமாக, பழுப்புத் திட்டுத் திட்டாக ஒரு பாம்பு வந்தால் சுடுவதற்கு முன் வாலைப் பாருங்கள். கிலுகிலுப்பை இல்லை, தலை ஒடுங்கியிருக்கிறது என்றால் எலிப் பாம்பு. முட்டையில் ரெண்டைத் திருடும், எலியில் இருபதைத் தின்னும். என்னிடம் ஒன்று சம்பளமில்லாமல் வேலை செய்கிறது.

பறவை எதையும் சுடாதீர்கள். நம் ஊர்க் காக்கா நினைப்பில் இங்கே காக்காயைக் குறி வைக்காதீர்கள், 1972-லிருந்து அதுவும் புலம்பெயர் பறவைச் சட்டத்துக்குள் வருகிறது. வீட்டுச் சிட்டுக்குருவி, ஸ்டார்லிங், மாடப்புறா மாதிரி சில பறவைகள்தான் அந்தச் சட்டத்துக்கு வெளியே. பருந்து, ஆந்தை, கழுகு பக்கம் துப்பாக்கி திரும்பவே கூடாது.

ஆறு_ஏக்கர் (செவ்வாய், மதியம் 12:20)

அணில்?

பெக்கான்_தாத்தா (செவ்வாய், மதியம் 12:58)

அதுதான் தம்பி என் வாழ்நாள் போராட்டம். கிழக்கு டெக்சாஸ் கவுன்ட்டிகளில் அணிலுக்குப் பருவமும் தினசரி வரம்பும் உண்டு, மற்ற கவுன்ட்டிகளில் பெரும்பாலும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். உங்கள் கவுன்ட்டி எதில் வருகிறது என்று வனவிலங்குத் துறைக் கையேட்டில் பாருங்கள். ஆனால் அணில் மரத்தில் இருக்கும். மரத்தில் இருப்பதைச் சுட்டால் குண்டு வானத்துக்குப் போகும். ஒன்றரை மைல், ஞாபகம் இருக்கிறதா? அடிமரத்தையோ தடித்த கிளையையோ ஒட்டி அணில் இருந்தால் ஒழிய நான் விசையைத் தொடமாட்டேன். அடிமரத்தில் ஆறடி உயரத்துக்கு மேல் தகரம் சுற்றினேன். பக்கத்து மரத்திலிருந்து தாவாதபடி கிளையை வெட்டினேன். பாதிப் பெக்கான் இப்போது எனக்கு. மீதிப் பாதியை விட்டுவிட்டேன்.

ஊரில் இருந்து வந்த மாமியார் 'ராமர் தடவிக் கொடுத்த அணிலையா சுடுவீங்க' என்று கேட்டார். இந்த ஊர் அணில் முதுகில் மூன்று கோடு இல்லை அத்தை, இது அந்தக் கட்சி இல்லை என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

சூலூரான் (செவ்வாய், இரவு 11:30)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கோயம்புத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மயில் தக்காளியை ஒன்று விடாமல் கொத்துகிறது. இங்கே .22 வாங்க வழி உண்டா?

வரிசையில்_நிற்பவன் (புதன், காலை 7:05)

மயில் பேச்சை இங்கேயே விட்டுவிடுங்கள் நண்பரே. வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. .22-க்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், பயிருக்காக எடுத்தாலும் மயிலைச் சுட அது உதவாது. .177 அளவில் 20 ஜூலுக்குக் கீழே உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 விதிகளில் உரிமம் தேவையில்லை. டப்பாவும் தாளும் சுடலாம். தக்காளிக்கு வலைதான்.

ஆறு_ஏக்கர் (ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:18)

தகவல் சொல்ல வந்தேன். வேட்டைக் கல்விப் பாடம் இரண்டு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து முடித்தேன். பையனும் பக்கத்தில் உட்கார்ந்து என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தான். உரிமம் வாங்கினேன், காந்தம் வைத்து ஒட்டியாயிற்று. கடையில் அம்மணி அக்கா சொன்ன அதே நாற்பது நிமிடம். சேவேஜ் மார்க் 2, இடதுகை. ஸ்கோப்போடு 400-க்குள் வந்தது, மிச்சத்துக்கு எண் பூட்டுப் பெட்டி. மண்மேடு ஒன்பது டிரக்.

ஆர்மடில்லோ பலகை வைத்த மூன்றாம் நாளே கூண்டில். ஒரு ரவுண்டு. முடித்துவிட்டு வந்து ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பையனை அழைத்துப் போகவில்லை. எலிக்கு ஏர் ரைஃபிள் வாங்கினேன், ஆனால் அதற்குள் பாம்பு வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

டப்பா சுடுவதுதான் ஞாயிறு வேலை. இதுவரை ஐந்நூறு ரவுண்டு. பேரலுக்கு மினி மேக் பிடிக்கவில்லை, ஸ்டாண்டர்டு வெலாசிட்டி பிடிக்கிறது. 50 கெஜத்தில் ஐந்து ரவுண்டு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தது. ஆனால் இன்றைக்கு அதே தோட்டா, அதே தூரம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது. பேரலைத் துடைத்துப் பார்த்துவிட்டேன். பேரல் போய்விட்டதா?

கூர்நோக்கு (ஞாயிறு, மாலை 5:31)

ஐந்நூறில் .22 பேரல் போகாது, ஐம்பதாயிரத்திலும் சந்தேகம்தான். அடிக்கடி துடைக்கவும் வேண்டாம். ஸ்கோப் வளையத் திருகையும் ஸ்டாக்கின் அடித் திருகையும் தொட்டுப் பாருங்கள்.

ஆறு_ஏக்கர் (ஞாயிறு, மாலை 5:52)

முன் வளையம் கையாலேயே சுற்றுகிறது.